பாப்பா பாட்டிலைத் தள்ளிவிடுகிறாள், லீவு முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். எனக்குப் போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை. முதல் குழந்தை, பெண், நாலரை மாதம் ஆகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். மூன்று வாரத்தில் லீவு முடிகிறது. காலை 7 மணிக்குக் கம்பெனி பஸ், வீடு திரும்ப மாலை 6 ஆகிவிடும். பத்து நாளாகப் பாட்டிலில் பழக்கப் பார்க்கிறேன். இரண்டு விதமான நிப்பிள் வாங்கியாயிற்று. வாயருகே கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்துக் கத்துகிறாள். "பட்டினி போடு, தானாகக் குடிப்பாள்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "மல்லிகைப்பூ வைத்துக் கட்டிப் பாலை வற்ற வை, பவுடர் பாலுக்கு மாற்றிவிடலாம்" என்கிறார் பெரியம்மா. அத்தையோ பாலாடையில், அதுதான் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், புகட்டலாம் என்கிறார். எனக்கு அது பழைய காலத்துப் பழக்கமாகத் தெரிகிறது. நான் இல்லாதபோது பிள்ளை பட்டினி கிடப்பாளா? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசனை வருகிறது.

பதில்:

வேலையை விடுகிற யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் அம்மா. மூன்று வாரம் போதும். பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் முப்பது வருஷம் நர்ஸாக நின்றவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரில் உங்கள் அத்தை சொன்னதுதான் சரி. ஆனாலும் நீங்கள் கேட்டது பாட்டிலைப் பற்றி. அதனால் அதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

உங்கள் மகள் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிறந்த முதல் மூன்று மாதம் குழந்தையின் வாயில் விரல் பட்டாலும் சப்பும், துணி பட்டாலும் சப்பும். அது தானாக நடப்பது. மூன்று, நான்கு மாதத்தில் அந்த அனிச்சை மெல்லப் போய்விடும். அப்புறம் சப்புவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்வாள். ஒரு மாதக் குழந்தைக்குப் பாட்டிலை வைத்ததும் குடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், அது வேறு வயது, வேறு கதை. இன்னொன்றும் உண்டு. மார்பில் அவள் சப்பச் சப்பத்தான் பால் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். கவிழ்த்துப் பிடித்த பாட்டிலில் கேட்காமலே கொட்டும். நாக்கால் அடைத்துத் தடுக்கப் பார்ப்பாள், முடியாமல் கத்துவாள். நிப்பிளை எத்தனை தடவை மாற்றினாலும் பிடிக்கிற விதம் மாறாவிட்டால் கத்தல் நிற்காது.

பத்து நாளாகப் பாட்டில் கொடுத்தது யார்? நீங்கள் எழுதவில்லை. நீங்களாகத்தான் இருக்கும். உங்கள் மடியில், உங்கள் வாசனையில், மார்பு நாலு விரற்கடை தூரத்தில் இருக்க, ரப்பரை நீட்டினால் யார்தான் வாங்குவார்கள்? வீட்டில் விருந்து இலை போட்டிருக்கும்போது கையில் பொட்டலச் சோற்றைக் கொடுத்த மாதிரி. ஆகவே முதல் மாற்றம், கொடுக்கிற ஆள். உங்கள் அத்தை கொடுக்கட்டும், அல்லது உங்கள் வீட்டுக்காரர் கொடுக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் சமையலறையில் ஒளிந்துகொண்டால் போதாது. உங்கள் குரல் கேட்டாலே அவள் தலை திரும்பும். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு அரை மணி கழித்து வாருங்கள்.

பட்டினி போடச் சொன்ன அக்காவின் பேச்சைக் கேட்காதீர்கள். பசியில் அழுகிற பிள்ளை புதிதாக ஒன்றைக் கற்காது. பசி வந்ததும் முதலில் கையை வாய்க்குக் கொண்டுபோவாள், தலையைத் திருப்பித் தேடுவாள். அழுவது கடைசியில்தான். அந்தக் கட்டத்தில் பாட்டிலைத் திணித்தால் பாட்டிலைக் கண்டாலே பயம் என்று ஆகிவிடும். இப்போது பத்து நாள் அழவிட்டாயிற்று அல்லவா, அதனால் முதல் இரண்டு நாள் எதையுமே முயலாதீர்கள். பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுங்கள். அவள் மறக்கட்டும்.

இனி பாலாடை. பழைய காலத்துப் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் பாலாடையில்தான் புகட்டுகிறோம். பாட்டிலில் நிப்பிளின் உள்மடிப்பிலும் மூடித் திருகிலும் பால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், பிரஷ் போட்டாலும் முழுக்கப் போகாது, அதிலிருந்து வயிற்றுப்போக்கு வரும். பாலாடை ஒரே தகடு. விரல் எட்டாத இடமே கிடையாது. கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மூத்தவனுக்கு ஐந்து மாதத்தில் நைட் டியூட்டிக்குத் திரும்பினேன். நர்ஸ் ஆயிற்றே, எனக்குத் தெரியாதா என்று பாட்டில் வைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் வாரம் அவன் பேதியில் துவண்டு நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தான். அரூரிலிருந்து வந்த என் மாமியார் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பாலாடையை எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்கு இருந்தது.

ஆனால் நம் பக்கத்துப் பாட்டிமார் பாலாடையிலும் சங்கிலும் புகட்டுகிற முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் உள்ளே ஊற்றுவார்கள். பால் மூச்சுக்குழாய்க்குப் போய்ப் புரை ஏறும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரை போகும். மூக்கைப் பிடிப்பதும் படுக்கப் போட்டு ஊற்றுவதும் கூடவே கூடாது. அத்தையிடம் இதை நீங்கள் சொன்னால், "என் பிள்ளையை நான் வளர்க்கவில்லையா" என்று வரும். இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

சரியான முறை இதுதான். பிள்ளையை மடியில் சாய்வாக உட்கார வைத்து, தலைக்கும் கழுத்துக்கும் கை கொடுக்க வேண்டும். கையை வீசித் தட்டிவிடுவாள் என்பதால் ஒரு பருத்தித் துணியால் தோளைச் சேர்த்து லேசாகச் சுற்றலாம். தாடைக்குக் கீழே இன்னொரு துணி. பாலாடையில் முக்கால் அளவு பால் எடுத்து, பாலாடையின் மூக்கு நுனியைக் கீழுதட்டின் மேல், வாயோரமாக வைத்துச் சாய்க்க வேண்டும், பால் உதட்டைத் தொடுகிற அளவுக்கு மட்டும். அங்கேயே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். நாக்கை நீட்டி நக்குவாள். அப்புறம் உறிஞ்சுவாள். அவள் விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்த வாய். ஊற்றுகிற வேலையே நமக்கு இல்லை, எடுக்கிற வேலை அவளுடையது. முதல் இரண்டு நாள் பாதிக்குப் பாதி துணியில்தான் போகும். அதைப் பார்த்து அத்தை பதற வேண்டாம்.

ஒரு பாலாடை 5 முதல் 10 மில்லிதான் பிடிக்கும். ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நிரப்ப வேண்டியிருக்கும், அரை மணி நேரம் ஆகும். அவளுக்கோ ஐந்து மாதம் நெருங்குகிறது. ஒரு வாரத்தில் பாலாடை பழகிவிட்டால், விளிம்பு மழமழவென்று இருக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளருக்கு மாறிவிடுங்கள். இதே சாய்வு, இதே காத்திருப்பு. இந்த வயதில் டம்ளரை அழகாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் கூழ் ஆரம்பிக்கும்போது அதே டம்ளரில் தண்ணீரும் குடிக்கப் பழகியிருப்பாள். பாட்டில் பழகிய பிள்ளைக்கு அதை நிறுத்துவது ஒன்றரை வயதில் இன்னொரு யுத்தம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் பாட்டில்தான் வசதி என்று உங்கள் வீட்டில் முடிவானால், அதுவும் உங்கள் விருப்பம்தான், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பச்சிளங்குழந்தைக்கான, மெதுவாகச் சொட்டுகிற நிப்பிள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுங்கள். அவள் தூங்கி எழுந்து சாந்தமாக, பாதி உறக்கத்தில் இருக்கிற நேரம் நல்ல நேரம். நீங்கள் பால் கொடுக்கும் சாயலில் அணைத்துப் பிடிக்காமல், அத்தை தன் நெஞ்சில் அவள் முதுகு படும்படி உட்கார வைத்துக்கொள்ளலாம், தோட்டத்தையோ தெருவையோ பார்த்தபடி. சில பிள்ளைகள் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் குடிக்கும். நிப்பிளை வெந்நீரில் காட்டி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உதட்டில் மேலிருந்து கீழாகத் தடவி, அவளாக வாய் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வரை பொறுங்கள். பாட்டில் ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில் இருக்க வேண்டும், நிப்பிள் பாதி நிறைந்தால் போதும். நாலைந்து வாய் குடித்ததும் பாட்டிலைக் கொஞ்சம் தாழ்த்தி மூச்சு வாங்க விடுங்கள். ஆரம்பத்தில் 15 மில்லிக்கு மேல் எடுக்காதீர்கள், கொட்டினாலும் மனசு வலிக்காது. முகம் சுளித்தாலே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முயற்சி, மிஞ்சிப்போனால் இரண்டு. உங்கள் பழைய நைட்டியை அத்தை தோளில் போட்டுக்கொண்டால் சில பிள்ளைகள் சமாதானமாகும். சில பிள்ளைகள் அந்த வாசனையிலேயே உங்களைத் தேடி அழும். எது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

தேன் தொட்டு வைத்தால் சப்புவாள் என்று யாராவது வருவார்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை, சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி, தசைகளைச் செயலிழக்க வைக்கும். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் இவையும் வேண்டாம்.

பால் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது அடுத்த கவலை. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குழந்தை குடிக்கிற அளவு பெரிதாகக் கூடுவதில்லை, நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி. நீங்கள் வெளியே இருக்கிற ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மில்லி என்று கணக்கு வையுங்கள். பதினோரு மணி நேரத்துக்கு 330 மில்லி, அதை நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 80 மில்லி சொச்சம். காலை ஆறரைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அதிலும் கொஞ்சம் மிஞ்சும்.

இன்றிலிருந்தே எடுத்துப் பழகுங்கள். விடியற்காலையில் பால் நிறைய இருக்கும், அவள் குடித்த பிறகு எடுக்கலாம். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. முதல் நாள் 20 மில்லி வந்தால் அழாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு வாரத்தில் கை பழகி, பாலும் கூடும். பம்ப் வாங்க வசதியிருந்தால் நேரம் மிச்சம்.

எடுத்த பாலை மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துத் தேதி எழுதுங்கள். வெளியே 25 டிகிரிக்குள் என்றால் 4 மணி நேரம் தாங்கும். காவேரிப்பட்டணத்துச் சித்திரை வெயிலில் அந்த நாலு மணியை நம்பாதீர்கள், எடுத்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் 4 நாள் வரை இருக்கலாம், கதவில் வைக்க வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் என்பதால் மறுநாளே தீர்த்துவிடச் சொல்வேன். மேலே பாலேடு தனியாக நிற்பதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று கொட்டாதீர்கள், லேசாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்துச் சூடாக்கினால் போதும், அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். இன்னொரு சங்கதி: சில தாய்மாரின் பால் எடுத்து வைத்தால் சோப்பு வாடை அடிக்கும். பாலிலேயே இருக்கிற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளை துப்பிவிடும். உங்கள் மகள் மறுப்பதற்கு அதுவும் காரணமா என்று பார்க்க, அப்போதே எடுத்த பாலை ஒரு தடவை பாலாடையில் கொடுத்துப் பாருங்கள்.

பெரியம்மா சொன்ன மல்லிகைப்பூ வைத்தியம் பிள்ளையை இழந்த தாய்மாருக்குச் செய்தது. குடிக்கிற பிள்ளை இருக்கும்போது பூவைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் பாலில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. போர் தண்ணீரில் கரைத்தால், பிள்ளைக்கு ஒரு நாளைய ஆகாரமே அந்தத் தண்ணீர்தான் என்று ஆகிவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவுதான் கூடும். நீங்கள் அதே போர் தண்ணீரைக் குடித்தால்கூட உங்கள் பாலில் இறங்குவது மிக மிகச் சொற்பம். பால் உண்மையிலேயே போதாமல் டாக்டர் எழுதிக்கொடுத்துப் பவுடர் கொடுக்க நேர்ந்தால், ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கரையுங்கள். மெடிக்கல் கடைக்காரர் பரிந்துரைத்தார் என்று மட்டும் வாங்காதீர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைப் பால்பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது.

கம்பெனியில் கூச்சப்படாமல் கேளுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளை என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்திலிருந்தே இருக்கிற உரிமை. 2017 திருத்தத்தில் லீவை 26 வாரமாக்கியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாலு தடவை போய் வரலாம் என்றும் சேர்த்தார்கள். காப்பகம் இருந்தால்கூட அத்தனை தூரம் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிப் போவது உங்கள் பாடு. ஆனால் அந்த இரண்டு இடைவேளையில் கதவு சாத்துகிற ஒரு அறையும் உட்கார நாற்காலியும் கேட்டு வாங்குங்கள், கழிப்பறையில் நின்று எடுக்காதீர்கள். ஐஸ் பேக் வைத்த பையில் பால் 24 மணி நேரம் தாங்கும். எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம், அப்புறம் பாலும் குறையும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். காலை 7 மணிக்குக் கிளம்பிக் கிருஷ்ணகிரியில் உங்கள் வேலைகளை முடித்துக்கொண்டு மதியம் வாருங்கள். பகலில் அவள் இரண்டே வாய் குடித்திருக்கலாம். பல பிள்ளைகள் பகலில் கொஞ்சமாகக் குடித்துத் தூங்கி, அம்மா வந்ததும் மாலையிலிருந்து விடியும் வரை சேர்த்துக் குடித்துக்கொள்ளும். உங்கள் தூக்கம் கெடும், அவள் பட்டினி கிடக்க மாட்டாள். பக்கத்தில் போட்டுப் படுத்தபடி கொடுத்தால் சமாளிக்கலாம், நடுவில் நீங்களும் கண் மூடலாம். இப்படி ஒரு மாதம் ஓட்டினால் ஆறு மாதம் முடிந்து ராகிக் கூழும் மசித்த பருப்புச் சோறும் வந்துவிடும், பாரம் பாதி இறங்கிவிடும்.

நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, அது அடர்மஞ்சளாக இருந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் தூக்கிப் போங்கள். மார்பில் குடிக்கும்போதே ஒவ்வொரு தடவையும் இருமிப் புரையேறுகிறது என்றாலும் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வெறுமனே பாட்டிலை வெறுக்கிறாள் என்றால் டாக்டர் தேவையில்லை.

அப்புறம், வேலைக்குப் போன முதல் நாள் கேன்டீனிலிருந்து அத்தைக்குப் போன் செய்வீர்கள். "எத்தனை மில்லி குடித்தாள்" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாட்டிமார் மூக்கைப் பிடிக்கிறார்கள். "எத்தனை துணி மாற்றினீர்கள் அத்தை" என்று கேளுங்கள்.